முட்டையும் பருப்பும்

படகு வேண்டாம் என்று இல்கா சொன்னதை முதலில் யாரும் நம்பவில்லை. அவள் கணவன் எர்வின் உயிரோடு இருந்தபோதே பேசி முடித்துவிட்ட படகு அது. மார்கிட் பாலத்தடியில் கிளம்பி, விளக்குகளைப் போட்டுக்கொண்டு, டான்யூப் ஆற்றில் மேலும் கீழுமாகச் சுற்றி வரும். மேல்தளத்தில் வாத்தியக்காரர்கள், கீழ்த்தளத்தில் சாப்பாடு. மகனுடைய பார் மிட்ஸ்வாவை, பதின்மூன்று வயதில் யூதப் பையன் முதன்முதலாகத் தோரா என்கிற வேதத்தை வாசிக்கும் சடங்கை, இப்படித்தான் நடத்தப் போகிறேன் என்று எர்வின், பையன் பல் விழுந்து முளைக்கும் வயதிலிருந்தே புடாபெஸ்ட் முழுக்கத் தம்பட்டம் அடித்து வந்தான். தம்பட்டம் அடிப்பது அவனுக்குக் கைவந்த கலை. போன மார்ச் மாதம் ஒரு காலை வேளையில், மருந்துக்கடை வாசலில், வாங்கிய மாத்திரை கையில் இருக்க, நின்ற வாக்கிலேயே சரிந்து விழுந்து போய்ச் சேர்ந்தான். படகுக்காரனுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. அக்டோபரில் இல்காதான் போன் போட்டு வேண்டாம் என்றாள்.

செய்தி எட்டியதும் எர்வினின் அண்ணன் ஓட்டோ அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டார். வீட்டுக்கு வந்தால் பையன் காதில் விழும் என்று அவருக்கு ஒரு நாகரிகம். கடையில் பேசுவதற்குச் சாக்காக ஒரு பிரேமை எடுத்து மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார்.

"ரத்து பண்ணிட்டியாமே?"

"பண்ணிட்டேன் அத்தான்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"அப்ப என்னதான் பண்றதா உத்தேசம்?"

"வியாழக்கிழமை காலையில ஜெப ஆலயத்துல வாசிப்பான். மத்தியானம் நம்ம சமூகச் சமையற்கூடத்துல, அங்க தினமும் சாப்பிட வர்ற பெரியவங்களோட உக்காந்து சாப்பிடுவோம். பரிசுன்னு யாரும் எதுவும் கொண்டு வர வேணாம். குடுக்க நினைக்கிறதைச் சமையற்கூடத்துக்குக் குடுத்துடலாம்."

"வியாழக்கிழமையா? வியாழக்கிழமை பல்லு பிடுங்கப் போவாங்க. விசேஷம் யாராவது வெப்பாங்களா?"

"சனிக்கிழமை மாதிரி அன்னிக்கும் தோரா வாசிக்கிற நாள்தானே அத்தான்."

"அது எனக்குத் தெரியும். எனக்கே பாடம் எடுக்காத. வாத்தியம்?"

"கிடையாது."

"ஆட்டம்?"

"வர்றவங்கள்ல பாதிப் பேர் கைத்தடி ஊணிட்டு வர்றவங்க."

ஓட்டோ பிரேமைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "என் தம்பி மட்டும் இருந்திருந்தா உன்னைத் தூக்கி ஆத்துல போட்டிருப்பான்."

"அவர் இருந்திருந்தா படகும் இருந்திருக்கும்" என்றாள் இல்கா. வாடிக்கையாளரிடம் லென்ஸின் பவரைச் சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். பிறகு அந்தப் பிரேமைத் துணியால் துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்பத் தொங்கவிட்டாள்.

ஓட்டோவைத் தவிர மற்ற எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடினார்கள். தானம் என்கிற சொல்லுக்கு அப்படி ஒரு வசதி உண்டு. அதைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்க முடியாது. ஜெப ஆலயத்தின் குருவான ரபி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதிர்வீட்டுக்காரி படிக்கட்டில் நிறுத்தி வைத்து, இந்தக் காலத்தில் இப்படியும் ஒருத்தியா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் ஒரு தாய், தன் பையனுக்கு வாடகைக்கு எடுத்த ஹோட்டலை நினைத்து வெட்கப்படுவதாகச் சொன்னாள். சொன்னாளே தவிர ஹோட்டலை விடவில்லை. இல்கா எல்லோருக்கும் தலையாட்டினாள். அவர் இதைத்தான் விரும்பியிருப்பார் என்றுகூட ஓரிரு முறை சொன்னாள். பச்சைப் பொய். எர்வின் பிச்சைக்காரனுக்குக் காசு போட்டால்கூட நாலு பேர் பார்க்கிறார்களா என்று பார்த்துப் போடுகிற ஆள்.

உண்மை இவ்வளவுதான்: அவளுக்கு அந்த நாள் சீக்கிரம் முடிந்தால் போதும். படகு என்றால் நாலு மணி நேரம். நடுவில் இறங்க முடியாது. இருநூறு பேர் அவள் முகத்தைப் பார்ப்பார்கள், அதில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவார்கள். அங்கே எதுவும் இல்லை. இல்லாததை எப்படிக் காட்டுவது? சமையற்கூடத்தில் சாப்பாடு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், கிழவர்கள் தங்கள் தட்டைத்தான் பார்ப்பார்கள்.

துக்கம் என்றால் தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது என்றெல்லாம் அவள் கேள்விப்பட்டிருந்தாள். அவளுக்கோ படுத்ததும் தூக்கம் வந்தது. மணி அடித்தால் சாப்பிட்டாள். எர்வினின் சட்டைகளை முதல் மாதத்திலேயே மடித்துக் கட்டிக் கொடுத்தனுப்பிவிட்டாள். வங்கி, காப்பீடு, வீட்டுப் பத்திரம், ஒன்றிலும் ஒரு கையெழுத்து தவறவில்லை. ஒருமுறை அடுப்புத் தட்டில் கையை வைத்து, தோல் கருகுகிற வாடை வந்த பிறகுதான் எடுத்தாள். அழுகை மட்டும் வரவில்லை. வரும் வரும் என்று டாக்டர் சொன்னார். டிராமுக்குக் காத்திருப்பதுபோல் சில வாரம் அதற்காகக் காத்திருந்தாள். அப்புறம் அதையும் விட்டுவிட்டாள்.

பையன் சாமு தங்கமான பிள்ளை. அதுதான் கொஞ்சம் பயமாக இருந்திருக்க வேண்டும், அவளுக்கு இருக்கவில்லை. படகு இல்லை என்றாள். "சரிம்மா" என்றான். வியாழக்கிழமை என்றாள். "சரிம்மா." உன் சிநேகிதர்களுக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம் இருக்குமே என்றாள். "பரவால்லம்மா." குரல் உடைகிற வயது, ஒரே வாக்கியத்தில் தகப்பன் குரலும் குழந்தைக் குரலும் வந்து போகும். தினமும் சாயங்காலம் அறைக்குள் உட்கார்ந்து தோராவில் தனக்கு விழுந்த பகுதியை ராகம் போட்டு வாசித்துப் பழகினான். சுவருக்கு இந்தப் பக்கம் அவள் பாத்திரம் தேய்த்தாள். எபிரேயம் அவளுக்குத் தெரியாது. அவள் பிறந்த வீட்டில் தாங்கள் யூதர்கள் என்பதையே, அவள் கல்லூரிக்குப் போகும் வயதில், ஏதோ பரம்பரை நோயைச் சொல்வதுபோல் தகப்பனார் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். ஓய்வுநாள் விளக்கு ஏற்றுவதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு பழகியதுதான். என்ன வாசிக்கிறாய் என்று அவள் மகனைக் கேட்டதில்லை.

சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டுச் சமையற்கூடத்திலிருந்து போன் வந்தது. சமையற்கூடத்தை நடத்துகிற கிஸெலா முழங்கால் அறுவைக்காக விடுப்பில் இருந்தாள். அவள் இடத்தில் இருந்த கணக்கர்தான் பேசினார். இல்கா யோசிக்கவே இல்லை. வாய்க்குத் தானாக வந்தது.

"எளிமையா இருக்கட்டும். அவிச்ச முட்டை. முழுப் பருப்பு. உருண்டையா ரொட்டி இருந்தாப் போதும்."

"அவ்வளவுதானா?"

"பல்லு இல்லாதவங்ககூடச் சாப்பிடலாம் பாருங்க."

கணக்கர் நெகிழ்ந்துபோனார். பெரியவர்களின் பல்லைப் பற்றி யோசிக்கிற மனசு யாருக்கு வரும் என்றார். அவளுக்கும் அது பொருத்தமாகத்தான் பட்டது. அவள் பிறந்த வீட்டில், ஊரில் எல்லோரையும்போல, வருஷம் பிறந்ததும் பருப்பு சமைப்பார்கள். தின்றால் அந்த வருஷம் கையில் காசு தங்குமாம். நல்லதுக்குத்தானே சாப்பிடுவது?

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சாமுவிடம் சொன்னாள். அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"முட்டையும் பருப்புமா?"

"ஆமா. ஏன், பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு" என்றான். கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். "நிஜமாவே பிடிச்சிருக்கும்மா."

சாப்பிட்டு முடித்ததும், யாரும் சொல்லாமலே, எழுந்து பாத்திரம் தேய்த்தான். அடுத்த சில நாட்கள் அறைக்குள்ளிருந்து ராகம் சத்தமாக வந்தது. மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு விருந்தில் பேசவேண்டிய உரையை எழுதினான். பார் மிட்ஸ்வா பையன் சாப்பாட்டுக்கு நடுவே எழுந்து பேசத்தான் வேண்டும், அதிலிருந்து யாருக்கும் தப்பிப்பு இல்லை. காட்டு என்றதற்கு, அன்றைக்குக் கேட்டுக்கொள் என்று மூடிக்கொண்டான். இல்காவும் வற்புறுத்தவில்லை.

புதன்கிழமை, விசேஷத்துக்கு முந்தின நாள், கண்ணாடிக் கடைக்குப் போன் வந்தது. கிஸெலா விடுப்பு முடிந்து வந்துவிட்டாள். கொஞ்சம் வந்துவிட்டுப் போ என்றாள். குரலே சரியில்லை. இல்கா முதலாளியிடம் சொல்லிவிட்டு டிராம் ஏறினாள். நவம்பர் ஈரம், ஜன்னலெல்லாம் ஆவி படிந்திருந்தது.

சமையற்கூடத்தில் மத்தியானப் பந்தி முடிந்து மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கிஸெலா அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அறுபதைத் தாண்டிய உடம்பு, அகலமான கைகள். இல்கா அருகில் போய், "வணக்கம், நான் இல்கா. நாளைக்கு என் பையனோட..." என்று தொடங்கினாள்.

"நீ யாருன்னு எனக்குத் தெரியும். உக்காரு." கிஸெலா கையிலிருந்த கரண்டியால் சுவரிலிருந்த பலகையைக் காட்டினாள். நாளைய சாப்பாடு அதில் எழுதியிருந்தது. "யாரு செத்துட்டா?"

"என்னது?"

"நாளைக்கு யாருக்குத் துக்கம்னு கேக்கறேன்."

"துக்கம் இல்லக்கா. என் பையனுக்கு விசேஷம்."

"அப்ப இது என்ன? முட்டை, பருப்பு, உருண்டை ரொட்டி. அடக்கம் பண்ணிட்டு வந்த வீட்ல முதல் சாப்பாடா குடுக்கறது இது. எல்லாம் உருண்டை. உருண்டு போறது திரும்பி வரும், துக்கமும் அப்படித்தான், இன்னிக்கு உன் வீடு நாளைக்கு என் வீடுன்னு அதுக்கு அர்த்தம். இந்தப் பருப்பைப் பாரு. மத்த பயறுக்கெல்லாம் ஒரு பக்கம் வாய் மாதிரி கீறல் இருக்கும். இதுக்கு இல்ல. துக்கக்காரங்களுக்கும் வாய் இருக்காதாம், அதான் இதைக் குடுக்கறது. எங்க கிழடுங்க நாளைக்கு உள்ள வந்து இதைப் பாத்தா, தொப்பியைக் கையில எடுத்துட்டு உன்கிட்ட வந்து ஆறுதல் சொல்லும்."

"எனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா" என்றாள் இல்கா. "பருப்பு நல்லதுன்னு..."

"தெரியாதா?" கிஸெலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் குரலிலிருந்து இறங்கியது. "துக்க வீட்ல முதல் சாப்பாடு சொந்தச் சாப்பாடா இருக்கக் கூடாது. அக்கம்பக்கம்தான் கொண்டு வரணும். மார்ச்சுல உன் வீட்டுக்கு அதைக் கொண்டு வந்தது நான்தான் பொண்ணே. ஒரு பானை பருப்பு, ஒரு கூடை முட்டை. மூணு மாடி ஏறினேன், இந்த முழங்காலோட. நீதான் கதவைத் திறந்தே. தேங்க்ஸ்கூடச் சொன்னே."

இல்கா அந்த முகத்தைப் பார்த்தாள். அகலமான நெற்றி, மூக்கோரம் ஒரு மரு. எங்கேயும் பார்த்த மாதிரி இல்லை. அடக்கத்துக்குப் போகக் காரில் ஏறியது அவளுக்கு நினைவிருந்தது. மறுநாள் தபால் வந்தது நினைவிருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"ஞாபகம் இல்லக்கா."

"இருக்காது. சில பேருக்கு அப்படித்தான்." கிஸெலா கரண்டியை அடுப்புமேல் வைத்தாள். "நீ மறந்துட்டே, வயிறு மறக்கல. சரி, அதை விடு. இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. இங்க வர்றவங்களுக்கு எளிமை வருஷம் முழுக்க இருக்கு. அவங்களுக்கு விருந்துன்னு சொல்லி முட்டையை வெச்சா, அது யாருக்குத் தானம்? உனக்கு எளிமை வேணும்னா நீ உன் வீட்ல பட்டினி கிட. அவங்களுக்கு வாத்து போடு."

தானம் தானம் என்று இத்தனை நாள் சொல்லி வந்தபோது, வரப்போகிற ஒரு கிழவரின் முகம்கூட இல்காவின் மனசில் வந்ததில்லை.

"ஹனுக்கா பண்டிகைக்கு வாங்கின வாத்து ஐஸ் பெட்டியில கிடக்கு. இப்ப எடுத்து வெச்சா ராத்திரிக்குள்ள இளகிடும். சிவப்பு முட்டைகோஸ் இருக்கு. கசகசாவும் வால்நட்டும் ஆப்பிளும் அடுக்கின கேக்கு நானே சுடுறேன். மாத்திடவா?"

"மாத்திடுங்க" என்றாள்.

வீடு திரும்பும்போது, ஒரு வேலை முடிந்தது என்றுதான் நினைத்துக்கொண்டாள். தப்பு நடந்தது, திருத்தியாயிற்று. டிராமில் ஓட்டோவுக்குப் போன் செய்து, வாத்து என்று சொன்னாள். "இப்பத்தான் புத்தி வந்துச்சா? ஒரு பிடில்காரனைக் கூட்டிட்டு வரட்டா?" என்றார். கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். அவருக்கே நம்ப முடியவில்லை.

சாமு சமையலறை மேசையில் உரையை எழுதி முடித்து, உதடு அசைய மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். இல்கா கோட்டைக் கழற்றியபடியே சொன்னாள்.

"நாளைக்குச் சாப்பாடு மாறிடுச்சு. வாத்து. கேக்கும் உண்டு."

"ஏன்?"

"ஏன்னா என்ன? நல்ல சாப்பாடா இருக்கட்டும்னுதான்."

"முட்டையும் பருப்பும்?"

"அது வேணாம். அது வேற எதுக்கோ குடுக்கறதாம்."

சாமு எழுந்து நின்றான். நாற்காலி பின்னால் விழுந்தது. அவன் சத்தம் போட்டு அவள் பார்த்ததில்லை. தகப்பன் செத்தபோதுகூட அவன் கத்தவில்லை.

"எதுக்குன்னு உனக்குத் தெரியும்! நீதானே வெச்சே!"

"சாமு..."

"நான் பேச்சே அதைப் பத்தித்தான் எழுதியிருக்கேன். அப்பா வர முடியலைன்னு அம்மா அப்பாவோட சாப்பாட்டை வெச்சிருக்காங்கன்னு. வீட்ல யாரும் அப்பா பேரையே எடுக்கிறது இல்ல, ஆனா அம்மா மறக்கலைன்னு. எல்லாரும் கைதட்டுவாங்க, நீ அப்பத்தான் கேப்பேன்னு காட்டாம வெச்சிருந்தேன். இப்ப மாத்திட்டேங்கற."

இல்காவுக்கு ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆமாம், தெரிந்துதான் வைத்தேன், கிஸெலாதான் ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடலாம். பையன் நம்புவான். நாளைக்கு மேசை முன் நின்று அம்மாவைப் புகழ்ந்து பேசுவான், ஊரே கண் கலங்கும். படகை ரத்து செய்த நாளிலிருந்து அவள் எல்லோரிடமும் அப்படித்தானே சொல்லி வந்திருக்கிறாள். அவன் முகத்தைப் பார்த்தாள். எர்வினின் தாடை, அழக்கூடாது என்று இறுக்கியிருந்தான். அவனிடமும் பொய் சொன்னால் அப்புறம் தனக்கு யாரும் மிச்சம் இல்லை என்று அவளுக்குப் பட்டது.

"தெரிஞ்சு வெக்கல" என்றாள். "வாய்க்கு வந்தது, சொல்லிட்டேன். அன்னிக்கு என்ன சாப்பிட்டோம்னே எனக்குத் தெரியாது."

"நீ அங்கதானே இருந்தே."

"இருந்தேன். ஒண்ணுமே ஞாபகம் இல்ல. கார்ல ஏறினது தெரியும், அப்புறம் மறுநாள்தான். நடுவுல ஒரு நாள் முழுக்க இல்ல சாமு. அன்னிக்கு நீ எங்க இருந்தே, என்ன பண்ணினே, எதுவும் எனக்குத் தெரியாது."

அவன் விழுந்த நாற்காலியை எடுத்து நிறுத்தினான். அதில் உட்கார்ந்தான்.

"உன் பக்கத்துலதான் இருந்தேன்" என்றான்.

"சொல்லு."

"என்ன சொல்றது?"

"எல்லாத்தையும் சொல்லு. எனக்குத் தெரியணும்."

அவன் சொன்னான். மேசையைப் பார்த்தபடி, பரீட்சையில் ஒப்பிப்பதுபோல் சொன்னான். கல்லறையில் மண் உறைந்து கட்டியாக இருந்தது, மண்வெட்டி இறங்கவில்லை. ஓட்டோ பெரியப்பா கையாலேயே அள்ளிப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் நீ எல்லோருடைய கோட்டையும் வாங்கி மாட்டினாய், மாட்டிவிட்டு மறுபடி எடுத்து அவர்களிடமே கொடுத்தாய். துக்க வழக்கப்படி முகம் பார்க்கிற கண்ணாடிகளுக்கெல்லாம் துணி போட்டிருந்தார்கள், நீ குளியலறையில் அந்தத் துணியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தாய். ஒரு அம்மா பானையோடு வந்தாள். எல்லோரும் தரையோடு தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பெரியப்பா முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். நீ தட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாய்.

"எல்லாரும் சாப்பிடு சாப்பிடுன்னாங்க. உனக்குக் கேக்கவே இல்ல. நான் உன் முட்டையை எடுத்து உரிச்சேன். வாயைத் திறம்மான்னேன். திறந்தே. பாதி சாப்பிட்டே."

"மீதி?"

"மீதியை நான் சாப்பிட்டேன். யாராவது பாத்துட்டா, அம்மா சாப்பிடலைன்னு திரும்பவும் ஆரம்பிப்பாங்களேன்னு." அவன் குரல் உடைந்து கீழே போய் மேலே வந்தது. "உப்பு போதலைன்னு சொன்னே. அன்னிக்கு நீ அது ஒண்ணுதான் பேசினே."

இல்கா மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். இப்போதாவது வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. ஆனால் எங்கேயோ வலித்தது. எட்டு மாதம் ஒரு பிள்ளை தன் தாய்க்குத் தாயாக இருந்திருக்கிறான், அது தனக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது என்கிற வலி. அது அவளுக்குப் புதிதாக இருந்தது. கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மற்றக் கையால் போனை எடுத்து, கிஸெலாவைக் கூப்பிட்டாள்.

"வாத்து அப்படியே இருக்கட்டும்க்கா. எங்க ரெண்டு பேருக்கு மட்டும் முட்டையும் பருப்பும் செஞ்சுக்கலாமா? இன்னிக்கு, வீட்டுல."

"நீ அடுப்பைத் தொடாத" என்றாள் கிஸெலா. "சொந்தமா செஞ்சுக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல. இங்க ஏற்கனவே ஊற வெச்ச பருப்பு இருக்கு, அதை எந்தக் குப்பையில போடறதுன்னு பாத்துட்டிருந்தேன். டாக்ஸியில வர்றேன், காசு நீ குடு."

மூன்று மாடி ஏறி வந்தாள், ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு. துக்கத்துக்கு விதித்த கெடுவெல்லாம் எப்போதோ முடிந்துபோயிற்று, ரபி கேட்டால் என்ன சொல்வார் என்று தனக்குத் தெரியாது, கேட்கவும் போவதில்லை என்றாள். பானையை இல்காவின் கையில் கொடுத்தாள். இல்கா இந்தமுறை அந்த முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள். மூவரும் சமையலறையில் சாப்பிட்டார்கள். இல்கா தன் முட்டையைத் தானே உரித்தாள். எர்வினைப் பற்றிச் சாமு பேசினான். படகில் கேப்டன் தொப்பி போட்டுக்கொண்டு தானே விருந்தாளிகளை வரவேற்கப் போவதாக அவன் சொல்லியிருந்தானாம். தொப்பிகூட வாங்கிவிட்டானாம்.

"எங்க இருக்கு அது?" என்று கேட்டாள் இல்கா.

"சட்டைங்களோட நீ குடுத்துட்டம்மா."

கிஸெலா போன பிறகு, சாமு தன் உரையை எடுத்துக் கசக்கப் போனான். வேண்டாம், பேசு, ஆனால் நடந்ததைப் பேசு என்றாள் இல்கா. அம்மாவுக்குத் தெரியாது என்றும் சொல்லவா என்றான். சொல் என்றாள். அவன் தாளை மடித்து வைத்தான்.

"நாளைக்கு நான் என்ன வாசிக்கிறேன்னாவது தெரியுமா?"

"தெரியாது."

"சாராள் செத்துப்போறா. ஆபிரகாம் வந்து அவளுக்காக அழுறார். அதுதான் முதல்ல. நான் எடுக்கல, நம்ம வாரத்துக்கு அது விழுந்திருக்கு." நாளைக்குப் போட வேண்டிய சட்டையை எடுத்து வைத்தபடியே கேட்டான். "நாளைக்கு அழுவியா?"

"தெரியல சாமு. வராதுன்னுதான் நினைக்கிறேன்."

"வந்தா பரவால்ல. ஆனா நான் முடிச்சப்புறம் அழு. நடுவுல அழுதா எனக்கு ராகம் போயிடும்."

"சரி" என்றாள். மகனிடம் அந்தச் சொல்லை அவள் சொல்வது அன்றுதான் முதல் தடவை போலிருந்தது.

வியாழக்கிழமை காலையில் அந்தச் சிறிய ஜெப ஆலயம் பாதிக்குமேல் நிறைந்துவிட்டது. சமையற்கூடத்துக் கிழவர்கள் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள், வாத்து என்ற செய்தி பரவியிருந்தது. ஓட்டோ முன்வரிசையில். பெண்கள் பக்கம் ஓரமாக, கிஸெலாவுக்குப் பக்கத்தில் இல்கா உட்கார்ந்திருந்தாள். கையில் கைக்குட்டைகூட எடுத்து வரவில்லை. சாமு தகப்பனின் பிரார்த்தனைச் சால்வையைப் போர்த்தியிருந்தான். அது ஒன்றைத்தான் ஓட்டோ கொடுக்க விடவில்லை. தோள் பற்றாமல் அது ஒரு பக்கம் வழிந்தது. ரபி வெள்ளிக் குச்சியால் வரியைக் காட்ட, அவன் மூச்சை இழுத்து, முதல் வார்த்தையை எடுத்தான்.

அது எர்வினின் குரல். குளியலறையில் பாடுகிற, கடைக்காரனோடு சண்டை போடுகிற, அதே கனத்த குரல். மூன்றாவது வார்த்தையில் உடைந்து குழந்தைக் குரலாகிவிட்டது. ஆனால் அதற்குள் அவளுக்குக் கேட்டுவிட்டது. எர்வின் இனி வரமாட்டான் என்பது எட்டு மாதம் கழித்து அப்போதுதான் இல்காவுக்குத் தெரிந்தது. முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கே விளங்கவில்லை. வாயைப் பொத்தினாள், அடங்கவில்லை. எல்லோரும் திரும்பினார்கள். ரபியின் குச்சி வரியின்மேல் அப்படியே நின்றது.

சாமுவும் நிறுத்தினான். தலையைத் தூக்கி, அத்தனை பேரையும் தாண்டி, அவளைப் பார்த்தான். இல்கா மன்னிப்புக் கேட்கப் பார்த்தாள், வார்த்தை வரவில்லை. கையை மட்டும் தூக்கி, வாசி, நீ வாசி என்று காட்டினாள். அவன் சால்வையைத் தோளுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, அவள் அழுகைக்குமேல் கேட்கும்படி, விட்ட இடத்திலிருந்து சத்தமாக வாசித்தான். கிஸெலா அவளைத் தன் அகன்ற தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வாசிப்பு முடிகிறவரைக்கும் இல்கா அழுதாள். அவன் ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை.